பொருள்: கொழும்பில ஆராய்ச்சி செய்யிற எங்கட பிள்ளைக்கு நைட்ரஜன் தாங்கி – 15 லட்சம்

அனுப்புவது: செயலாளர், கொழும்புக் கிளை (வெள்ளவத்தை)

அன்பான ஊரவருக்கு,

மாஸ்டற்ற பேத்தி கொழும்பில ஒரு ஆய்வுகூடத்தில, டெங்கு வந்த ஆக்களின்ர இரத்தத்தில இருந்து டி அணுக்களை (நோயை எதிர்க்கிற ஒரு வகை வெள்ளணு) பிரிச்சு ஆராயிறா. எம்ஃபில் முடிய இன்னும் இரண்டு வருசம் இருக்கு. போன மாசம் ரொறன்ரோச் சின்னம்மா இங்க வந்து நிண்டபோது போய்ப் பாத்திட்டுக் கவலையோட திரும்பினவ. அணுக்குப்பிகள் மாசக்கணக்கில −80 பாகை ஃப்ரீசருக்குள்ளயே கிடக்குது. அந்தப் பக்கத்துக்கு ஜெனரேற்றர் லைன் இல்லை. அணுக்களை அதை விடக் கடுங்குளிரில வைக்கிற திரவ நைட்ரஜன் தாங்கியும் இல்லை.

கேக்கிறது 15 லட்சம் ரூபா. தாங்கி, குப்பி அடுக்கிற தட்டுகள், நைட்ரஜன் கொண்டுவாற சின்னப் பாத்திரம், ஒக்சிசன் அளக்கிற கருவி, கையுறை, முகமறைப்பு, ஒரு வருசத்து நைட்ரஜன் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். தை பிறக்க முதல் முடிவு சொன்னால் நல்லது.

---

அனுப்புவது: மெல்பேர்ண் (முன்னாள் பொருளாளர்)

15 லட்சம் எண்டு ஒரு வரியில எழுதி அனுப்பினால் அது கணக்கில்லை. தாங்கிக்கு எவ்வளவு, தட்டுக்கு எவ்வளவு, இறக்குமதி வரி எவ்வளவு, நைட்ரஜன் லீட்டர் என்ன விலை, மாசம் எத்தினை லீட்டர்? மூண்டு விலைமனு வேணும். தாங்கி யாற்ற சொத்துப் பதிவில ஏறும்? பிள்ளை படிப்பு முடிச்சுப் போனபிறகு நைட்ரஜனுக்கு ஆர் காசு கட்டுறது? தாங்கி வாங்குறது ஒருக்காச் செலவு, நைட்ரஜன் சாகும்வரைச் செலவு.

கொவிட் நேரம் ஃபைசர் ஊசிக்கெண்டு −80 ஃப்ரீசர்கள் நாட்டுக்கு வந்தது எல்லாருக்கும் தெரியும். அதில ஒண்டைக் கேட்டு வாங்கி ஜெனரேற்றர் லைன் இழுத்தால் செலவு பாதியா முடியாதோ? வாசிகசாலைக் கூரைக் காசின்ர ரசீது இன்னும் எனக்கு வரேல்லை எண்டதையும் இதிலயே எழுதி வைக்கிறன்.

---

அனுப்புவது: ரொறன்ரோ

தம்பி, கூரைக் கதை எடுத்தால் கிணத்தடிக் காணிக் கதையும் வரும். அதை இதுக்குள்ள கொண்டு வரவேண்டாம்.

தடுப்பூசிக் குளிரும் அணுவுக்குரிய குளிரும் ஒண்டில்லை. முக்கூட்டு ஊசி, ஹெபரைற்றிஸ் பி, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசி மூண்டிலயும் அலுமினிய உப்பு இருக்கு. 2 முதல் 8 பாகைக்குள்ள வைக்க வேணும். உறைஞ்சால் அந்த உப்புத் துகள் ஒண்டோடொண்டு ஒட்டிக் கட்டியாகி மருந்து பழுதாப் போகும். சந்தேகமெண்டால், அதே தொகுதியில ஒரு குப்பியை வேணுமெண்டு உறையவைச்சு உருக்கி, இரண்டையும் குலுக்கிப் பக்கத்தில வைச்சுப் பாக்கிறது. சந்தேகக் குப்பியும் உறைஞ்சது மாதிரியே கெதியா அடையுதெண்டால் எறிய வேணும். ஃபைசரின்ர எம்ஆர்என்ஏ ஊசி −60 முதல் −90 வரைக்கும் இருந்தது. அதுக்குள்ள கொழுப்புறையில சுத்தின ஒரு மூலக்கூறுதான், உயிர் இல்லை. இந்தப் பிள்ளை வைச்சிருக்கிறது உயிருள்ள அணு. எடுத்து உருக்கினால் அது திரும்ப வேலை செய்ய வேணும். ஊசிக்கு வந்த ஃப்ரீசரைக் காட்டி இதை மறுக்கேலாது.

எங்கட ஊரில இருந்து டொக்டர்மார், எஞ்சினியர்மார் எண்டு எத்தினையோ பேர் வந்திட்டினம். நோயெதிர்ப்பியலில ஆராய்ச்சிக்கெண்டு நிண்டு பிடிக்கிறது இவ ஒராள்தான். "வெள்ளைக் கோட்டுப் போடுற பிள்ளைக்கு வைத்தியம் பாக்கத் தெரியாதோ" எண்டு கோயில் வீதியில கேட்ட ஆக்களுக்கு ஊர் சொல்ல வேண்டிய பதில் இந்தத் தாங்கி.

---

அனுப்புவது: மான்செஸ்ரர்

கார்-டி அணுச் சிகிச்சைக்கான (நோயாளியின்ர டி அணுவை எடுத்து, புற்றுநோயைத் தாக்க மாத்தித் திருப்பி ஏத்துறது) உற்பத்திக்கூடத்தில தரக்கட்டுப்பாட்டில இருக்கிறன். மெல்பேர்ண் அண்ணையின்ர கேள்விக்குப் பதில் வேலை நடக்கிற ஒழுங்கிலதான் இருக்கு. அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

ஹெபரின் (இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற மருந்து) குழாயில எடுத்த இரத்தத்தை ஐஸில வைக்கக்கூடாது. 18 முதல் 25 பாகைக்குள்ள, எட்டு மணித்தியாலத்துக்குள்ள ஆய்வுகூடத்துக்கு வரவேணும். காலி வீதி நெரிசலில முச்சக்கரவண்டியில வாறதெண்டால் வெப்பம் தடுக்கிற பெட்டி கட்டாயம். பிந்தினால் கிரனுலோசைற்றுகளின்ர (எங்களுக்குத் தேவையில்லாத வேறொரு வகை வெள்ளணு) அடர்த்தி குறைஞ்சு, அதுகளும் நாங்கள் எடுக்கிற அணுப்படலத்துக்குள்ள வந்து கலந்திடும்.

இரத்தத்தைச் சம அளவு உப்புக்கரைசலோட கலந்து, 1.077 அடர்த்தியுள்ள ஃபைகோல் (அணுக்களை அடர்த்தியை வைச்சுப் பிரிக்கிற திரவம்) மேல படலம் கலையாமல் ஊத்தி, 400 ஜியில (புவியீர்ப்பைப் போல 400 மடங்கு விசையில) 30 நிமிசம் சுத்த வேணும். பிரேக் போடக்கூடாது, போட்டால் படலம் குழம்பிடும். ஃபைகோலைக் குளிர்சாதனப் பெட்டியால எடுத்த கையோட பாவிக்கிறதும் பிழை: அடர்த்தி கூடி, சிவப்பணு கீழ இறங்காமல் மேல தங்கும். பிறகு 200 ஜியில ஒருக்காக் கழுவினால் இரத்தத் தட்டுகள் கழண்டு போகும். சுகதேகி ஒருவரின்ர ஒரு மில்லிலீட்டர் இரத்தத்தில கிடைக்கிறது சுமார் 10 லட்சம் அணு. டெங்குக் காய்ச்சல் நேரத்தில வெள்ளணு விழுறபடியால் அதுவும் குறையும்.

உறையவைக்கிறதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். ஒரு குப்பிக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி அணு, கன்றுச் சீரம் 90 வீதம், டிஎம்எஸ்ஓ (உறையேக்க அணுவைக் காக்கிற திரவம்) 10 வீதம். டிஎம்எஸ்ஓ சேர்த்தபிறகு அறை வெப்பத்தில வைச்சுக் கதைச்சுக்கொண்டு நிக்கக்கூடாது, பத்து நிமிசத்துக்குள்ள குளிருக்குப் போகவேணும். நிமிசத்துக்கு ஒரு பாகை வீதம் குளிர, ஐசோபுறொப்பனோல் (ஒரு வகை அற்ககோல்) ஊத்தின மிஸ்டர் ஃப்ரொஸ்ரி எண்ட பெட்டிக்குள்ள வைச்சு −80இல ஒரு இரவு. அந்த 250 மில்லிலீட்டர் ஐசோபுறொப்பனோலை ஐஞ்சு தரத்துக்கு ஒருக்கா மாத்த வேணும். மாத்தாட்டில் அது ஈரம் இழுத்துக் குளிரும் வேகத்தை மாத்திப்போடும்.

இதுக்குப் பிறகு ஒரு சில நாளுக்குள்ள நைட்ரஜனுக்கு மாத்தவேணும். −135 பாகைக்கு மேல உறைஞ்ச நீர் அசையாமல் நிக்காது, நுண்பனி மெல்ல மெல்லப் பெருத்து அணுச்சுவரைக் கிழிக்கும். −80 அந்தக் கோட்டுக்கு மேல இருக்கு. ஜெனரேற்றர் லைன் இழுத்தாலும் −80 எண்டது −80தான். கரண்ட் போய் −60க்கு ஏறித் திரும்பிக் குளிர்ந்தால் குப்பி வெளியில பாக்க அப்பிடியேதான் இருக்கும். உருக்கினபிறகுதான் தெரியவரும்: ட்ரைபான் நீலத்தில (செத்த அணுவில மட்டும் ஏறுற சாயம்) பாத்தால் பாதி அணு செத்திருக்கும், செத்த அணுவின்ர டிஎன்ஏ பசையாகி உயிரோட இருக்கிறதையும் சேர்த்துக் கட்டியாக்கும். உயிர்வீதம் (உயிரோட இருக்கிற அணு நூற்றுக்கு எத்தினை) 70க்குக் கீழ போனால் அந்தக் குப்பியில எலிஸ்பொட் (வைரஸுக்கு எதிரா வேலை செய்யிற டி அணுக்களை எண்ணுற சோதனை) செய்து வாற இலக்கத்தை ஒருத்தரும் நம்பமாட்டினம். ஒரு நோயாளியின்ர முதல் கிழமை இரத்தத்தைத் திரும்ப எடுக்கவும் ஏலாது.

தாங்கி வாங்கேக்க தட்டுகள் நைட்ரஜனுக்கு மேல ஆவியில நிக்கிற வகையைக் கேளுங்கோ. குப்பி திரவத்துக்குள்ள அமிழ்ந்தால் மூடிப் புரியால நைட்ரஜன் உள்ள போகும். வெளியில எடுக்க அது ஏறத்தாழ 700 மடங்கு விரிஞ்சு குப்பி வெடிக்கும். அதுக்குத்தான் முகமறைப்பு. கொழும்பு ஈரப்பதனுக்குக் கழுத்தடியில பனி கட்டும். கிழமைக்கு ஒருக்காத் துடைக்காட்டில் மூடி சரியா இருக்காது, நைட்ரஜன் கெதியா முடியும். இறுக்கி அடைக்கவும் கூடாது, ஆவி வெளியேற வழி வேணும். மட்டம் பாக்க மரக்கோல் போதும்: இறக்கி எடுத்து ஆட்டினால் பனிக்கோடு தெரியும். உள்ளுக்க வெறுமையான குழாயை விட்டால் நைட்ரஜன் மேலால பீறிட்டு முகத்தில அடிக்கும். தாங்கியின்ர வெளிப்புறம் வியர்த்தால் சுவருக்குள்ள இருக்கிற வெற்றிடம் போயிட்டுது எண்டு அர்த்தம், அண்டைக்கே குப்பிகளை வேற இடத்துக்கு மாத்தவேணும். மூடின இடத்தில நைட்ரஜன் ஆவி ஒக்சிசனை விலத்திப்போடும். அதால லிஃப்டில தாங்கி தனியப் போகவேணும், ஆள் ஏறக்கூடாது. ஒக்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழ போனால் கருவி கத்தும். அந்தக் கருவியை விலை குறைக்கிறதுக்காக ஆரும் வெட்ட வேண்டாம்.

இதெல்லாம் ஒரு எம்ஃபில்லுக்கு மட்டும் எண்டு நினைக்காதேங்கோ. 2017இல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச முதல் கார்-டி மருந்து கிம்ரியாவும் −120 பாகையிலயோ அதுக்குக் கீழயோதான் நைட்ரஜன் ஆவியில வைக்கப்படுது, உருக்கி 30 நிமிசத்துக்குள்ள ஏத்தவேணும். அதின்ர பின்னால நிண்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ல் ஜூன், எச்ஐவி நோயாளிகளின்ர டி அணுவைக் காந்தமணியில வளர்க்கப் பழகின ஆள். தொற்றுநோய் ஆராய்ச்சியில பழகின கைதான் அணுச் சிகிச்சைக்குப் போனது. வேலைக்கு ஆள் எடுக்கேக்க நாங்கள் முதலில கேக்கிறது, உருக்கினபிறகு உயிர்வீதம் எவ்வளவு எண்டுதான். 90க்கு மேல தொடர்ந்து காட்டுற பதிவேடு அந்தப் பிள்ளையிட்ட இருந்தால் எந்தக் கதவும் திறக்கும்.

---

அனுப்புவது: ஒஸ்லோ

காசு குடுக்க அவ வெளிநாடு போயிடுவா எண்டு தனிமடலில எழுதின பெரியவருக்கு இங்கயே பதில் சொல்லுறன். வெளிநாட்டில குந்தியிருந்துகொண்டு அதைக் கேக்க எங்களுக்கு என்ன உரிமை? மும்பையில ஐஐடியும் டாட்டா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கின கார்-டி சிகிச்சை நெக்ஸ்கார்19க்கு 2023 ஒக்டோபரில அனுமதி கிடைச்சது. பக்கத்து நாட்டில ஏலுமெண்டால், கை பழகின ஆக்கள் இருந்தால், கொழும்பிலயும் ஒருநாள் ஏலும்.

டெங்குக்கு டி அணு ஏன் எண்டும் சொல்லவேணும். பிலிப்பைன்ஸில 2016இல பள்ளிப் பிள்ளையளுக்குப் போட்ட டெங்குத் தடுப்பூசி டெங்வாக்சியாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசியின்ர வைரஸ்தான் அடித்தளம், டெங்குவின்ர வெளிப்புரதம் மட்டும் மேல. முதல் டெங்கு வராத பிள்ளையளுக்கு அந்த ஊசிக்குப் பிறகு டெங்கு வந்தால் நோய் கடுமையாகலாம் எண்டு 2017 நவம்பரில கம்பனியே அறிவிச்சது. சிடி8 அணுக்கள் (வைரஸ் தொற்றின அணுவைக் கொல்லுற டி அணுக்கள்) கூடுதலாக் குறிவைக்கிற என்எஸ்3, என்எஸ்5 புரதங்கள் டெங்குவின்ரதா அதில இல்லை. அதுதான் முழுக்காரணம் எண்டு சொல்லேலாது, ஆனால் விடாமல் ஆராய வேண்டிய இடம். சிடி8 அணுக்கள் டெங்குவில காப்புக் குடுக்குது எண்டதுக்கு வலுவான சான்று தந்த 2013 ஆய்வு, கொழும்பில இரத்தம் குடுத்த ஆக்களின்ர அணுவிலதான் நடந்தது. கலிபோர்னியாவில லா ஹோயாவில அலசினவை. இரத்தம் எங்கட, ஆய்வுமேசை அவையின்ர. மேசையும் இங்க வரவேணுமெண்டால் தாங்கி இங்க நிக்கவேணும்.

டிஸ்பென்சரியில மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டியின்ர திரி கருகாமல் மருத்துவிச்சி அக்கா எத்தினை வருசம் காவல் இருந்தவ எண்டது மூத்தாக்களுக்குத் தெரியும். எங்கட தோளில இருக்கிற பிசிஜித் தழும்பு அவ தந்தது. அவவுக்கு ஊர் ஒரு நன்றிக் கடுதாசியும் எழுதேல்லை.

---

அனுப்புவது: மெல்பேர்ண்

மான்செஸ்ரர்த் தம்பி எழுதினது விளங்குது. ஃப்ரீசர் யோசனையை விடுறன். கணக்கை விடமாட்டன்.

தாங்கி ஆய்வுகூடத்தின்ர சொத்துப் பதிவில ஏறவேணும், பதிவுப் பக்கத்தின்ர படம் இங்க வரவேணும். காசு தனிக்கணக்குக்குப் போகக்கூடாது, வித்தவரின்ர பற்றுச்சீட்டுக்கு நேர கட்டவேணும். இரண்டாம் வருசத்தில இருந்து நைட்ரஜன் செலவு தங்கட எண்டு பொறுப்பாளர் எழுத்தில தரவேணும். கிழமைக்கு ஒருக்கா மட்டம் அளந்து எழுதுற கொப்பியின்ர பிரதி மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் காணும். பிள்ளை உருக்கிப் பாக்கிற உயிர்வீதத்தையும் அதிலயே ஒரு நிரலில எழுதச் சொல்லுங்கோ.

ஒக்சிசன் கருவிக்கு உள்ளதை மெல்பேர்ண் கிளை தனியத் தரும், அதை 15 லட்சத்தில இருந்து கழியுங்கோ. விலைமனு மூண்டும் வந்த அண்டைக்கே முதல் தவணை போகும். கூரை ரசீதை செயலாளர் அதே மடலில இணைச்சு அனுப்பவும்.