பலிபீடத்தில் கிடத்தப்பட்ட மகன் ஈசாக்கா, இஸ்மாயீலா?

வாசிப்பு வட்டம் (கேள்வி):
எங்கள் ஊரில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களுமாகப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடி, இரு வேதங்களையும் அடுத்தடுத்து வைத்து வாசித்து வருகிறோம். சென்ற மாதம், ஆபிரகாம் தம் மகனைப் பலியிடப் புறப்பட்ட பகுதியை எடுத்துக்கொண்டோம். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தில் 'ஈசாக்கு' என்ற பெயரை நான் வாசித்ததும், எதிரில் அமர்ந்திருந்த பெரியவர் தம் கையிலிருந்த புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "அது இஸ்மாயீல் நபி, அம்மா" என்று மெல்லச் சொன்னார். அதன் பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்களிடையே யூதர் யாரும் இல்லாததால் அவர்கள் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. நட்பைக் காக்க வேண்டி இந்த வேறுபாட்டைத் தொடாமல் விட்டுவிடலாமா, அல்லது வெளிப்படையாகவே பேச வேண்டுமா?

கடலோரத்தான்:
சகோதரிக்கு ஸலாம். பெரியவர் சொன்னதுதான் இன்று முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் கொண்டிருக்கும் கருத்து. ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி கொடுக்கும்போது நாங்கள் நினைவுகூர்வதும் இஸ்மாயீல் நபியைத்தான். ஆயினும் குர்ஆனின் 37ஆம் அத்தியாயத்தில் இந்நிகழ்ச்சி சொல்லப்படும் இடத்தில் மகனின் பெயர் இல்லை. அதனாலேயே தொடக்ககால விரிவுரையாளர்கள் இதில் கருத்து வேறுபட்டார்கள்: 923இல் மறைந்த இமாம் தபரீ, அந்த மகன் இஸ்ஹாக் (ஈசாக்கு) என்ற முடிவுக்கு வந்தார், 1373இல் மறைந்த இப்னு கஸீர், இஸ்மாயீலே என்று உறுதியாக வாதிட்டார். பலி நிகழ்ச்சி முடிந்த பிறகு, 112ஆம் வசனத்தில்தான் இஸ்ஹாக் பற்றிய நற்செய்தி வருகிறது, ஆகவே பலிக்குரிய மகன் வேறொருவர் என்பது இஸ்மாயீல் என்போரின் வலுவான சான்று.

எனக்கு இதைவிட நெஞ்சைத் தொடுவது 102ஆம் வசனம். தந்தை தாம் கண்ட கனவை மகனிடம் சொல்லி, உன் எண்ணம் என்ன என்று கேட்கிறார். உங்களுக்கு இடப்பட்ட கட்டளையை நிறைவேற்றுங்கள், அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்கிறான் மகன். ஆதியாகமத்திலோ, நெருப்பும் விறகும் இருக்கின்றன, ஆட்டுக்குட்டி எங்கே என்று ஒன்றும் அறியாமல் கேட்டபடி நடந்துவருகிறான். அங்கே தந்தை ஒருவரே சோதனையைச் சுமக்கிறார். இங்கே இருவரும் சுமக்கிறார்கள். யார் அந்த மகன் என்ற வழக்கிலேயே நின்றுவிட்டால், இந்த இடத்துக்கு நாம் வந்துசேரவே மாட்டோம்.

ஏட்டுச்சுவடி:
யூதரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய ஏற்பாட்டைப் படித்துவிட்டால் யூத மார்க்கம் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அவர்களுடைய விரிவுரை மரபை அறியாமல் அது கைகூடாது. மகன் பலியிடப்படவில்லை என்பதால் அவர்கள் இதை 'அகேதா', அதாவது 'கட்டுதல்', என்றே அழைக்கிறார்கள். புத்தாண்டின் இரண்டாம் நாளில் இப்பகுதியை ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள்; அந்நாட்களில் ஊதப்படும் ஆட்டுக்கடாக் கொம்பு, புதரில் சிக்கி, மகனுக்குப் பதிலாகப் பலியிடப்பட்ட கடாவை நினைவூட்டுகிறது.

1105இல் மறைந்த யூத விரிவுரையாளர் ராஷி தம் உரையில் பழைய யூத மரபுரை ஒன்றை எடுத்தாள்கிறார். "உன் மகனை" என்று கடவுள் சொல்ல, எனக்கு இரண்டு மகன்கள் என்கிறார் ஆபிரகாம். "உன் ஒரே மகனை" என்றதும், இவனும் தன் தாய்க்கு ஒருவன், அவனும் தன் தாய்க்கு ஒருவன் என்கிறார். "நீ நேசிப்பவனை" என்றால், இருவரையுமே நேசிக்கிறேன் என்கிறார். அதன் பிறகே ஈசாக்கு என்ற பெயர் வருகிறது. ஈசாக்கையே மகனாகக் கொண்ட மரபு, தந்தையின் வாயில் இஸ்மவேலுக்கும் (இஸ்மாயீல்) இடம் வைத்திருப்பதை உங்கள் பெரியவரிடம் அவசியம் சொல்லுங்கள். கிறிஸ்தவ வாசிப்பை நீங்களே அறிவீர்கள். விறகைச் சுமந்து மலையேறிய ஈசாக்கில் சிலுவை சுமந்த இயேசுவின் முன்னடையாளத்தைத் திருச்சபைப் பிதாக்கள் கண்டார்கள்.

தென்றல்வழி:
மூவருக்கும் ஆபிரகாம் தந்தை என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய கல்லறை இருப்பதாக மூன்று மதத்தாரும் போற்றும் ஹெப்ரோன் நகரில் 1929இல் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள்; 1994இல் அந்தக் கல்லறைப் பள்ளிவாசலிலேயே தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்று அக்கட்டடம் யூதருக்கும் முஸ்லிம்களுக்கும் எனத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே வேறுபாட்டை மறைக்காமல் பேசுங்கள். அவரவர் வேதத்தை அவரவரே வாசித்து விளக்கட்டும். மற்றவர் அன்று கேட்க மட்டும் செய்யட்டும்.

வாசிப்பு வட்டம்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடுத்த கூட்டத்தில் 37ஆம் அத்தியாயத்தை ஓதி விளக்கும்படி பெரியவரையே கேட்கப்போகிறேன்; ராஷியின் உரையாடலை நான் வாசிக்கிறேன். அதன் பின் ஆதியாகமம் 25:9ஐ எல்லோருமாகச் சேர்ந்து வாசிக்க எண்ணியிருக்கிறேன்: ஆபிரகாம் இறந்தபோது ஈசாக்கும் இஸ்மவேலும் சேர்ந்து அவரை ஹெப்ரோனின் அந்தக் கல்லறையான மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள்.