விறகு அடுப்பும் எண்ணெய் பொயிலரும்

சுதன்: அத்தான், வேல்ஸ் வீட்டுக்கு விறகு அடுப்பு பார்த்திருக்கிறேன். பின்பக்கம் தண்ணீர் சூடாக்கும் பொயிலரும் சேர்ந்தது. இருக்கிற எண்ணெய் பொயிலரோடு ஒரே ரேடியேற்றர் குழாயில் கொழுவிவிடலாம் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். சரிதானே?

அத்தான்: பொயிலரில் பிரஷர் காட்டும் முள் இருக்கிறதா? அல்லது கூரைக்கடியில், லொஃப்ட்டில், சின்னத் தாங்கி ஏதும்?

சுதன்: முள் இருக்கிறது, 1.5 பார். லொஃப்ட்டில் ஒன்றுமில்லை.

அத்தான்: அப்போ நேராகக் கொழுவவே கூடாது. உன்னுடையது மூடிய சுற்று, தண்ணீர் காற்றுப் படாமல் அழுத்தத்தில் ஓடுவது. எண்ணெய் பொயிலர் சூடு கூடினால் தானே நின்றுவிடும். எரிகிற விறகை யார் நிறுத்துவது? கரண்ட் போய் பம்ப் நின்றாலும் அது எரியும். விசிலை அடைத்த குக்கர் மாதிரி.

அம்மா: ஐயோ, வெடிக்குமா?

அத்தான்: பிரிட்டனில் அப்படி வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள் மாமி.

அக்கா: பேசாமல் இன்னொரு ஸ்வெட்டர் வாங்கு.

சுதன்: அக்கா, கொஞ்சம் பொறு. அப்போ என்ன வழி அத்தான்?

அத்தான்: நடுவில் ஒரு பெரிய வெந்நீர்த் தாங்கி, அடுப்பை விட உயரத்தில். அடுப்புத் தண்ணீர் நேரே அதற்குள் போகும். எண்ணெய் பொயிலரின் சுற்று உள்ளே சுருள் குழாயாக ஓடும். சூடு மட்டும் மாறும், தண்ணீர் கலக்காது. அடுப்பிலிருந்து 28 மில்லிமீற்றர் செப்புக் குழாய், ஏற்றமாகவே போகவேண்டும். அப்போதுதான் பம்ப் இல்லாமலும் வெந்நீர் தானாக மேலே ஏறும். லொஃப்ட்டில் திறந்த தாங்கி, அதற்கு மேலே வளைந்து நிற்கும் 22 மில்லிமீற்றர் ஆவிக் குழாய். அந்தக் குழாயில் எந்த இடத்திலும் வால்வு போடக் கூடாது. பூட்ட வருபவர் போட்டால் கழற்றச் சொல்.

சுதன்: ரேடியேற்றர்?

அத்தான்: அடுப்பின் சுற்றிலேயே ஒன்று, மூட முடியாதபடி. தாங்கி நிறைய சூடானால் மிச்சச் சூடு அதில் இறங்கும். அடுப்புக்குத் திரும்பும் தண்ணீர் 55 பாகைக்குக் குறையாமல் ஒரு கலப்பு வால்வும் வேண்டும். குளிர்ந்து திரும்பினால் உள்ளே தார் படியும்.

சுதன்: ஆவிக் குழாயில் கூடாது, இங்கே மட்டும் வால்வா?

அத்தான்: இது அடைக்கிற வால்வு இல்லையடா, கலக்கிறது. பம்ப் நின்றால் தானே வழிவிடுகிற வகையாகப் பார்த்து வாங்கு. வேலைக்கு ஹெட்டாஸ் (விறகு அடுப்பு பூட்டுபவர்களைப் பதிவு செய்யும் பிரிட்டன் அமைப்பு) பதிவு உள்ளவரையே பிடி. கார்பன் மோனாக்சைட் அலாரமும் கட்டாயம்.

அக்கா: செலவு?

அத்தான்: அடுப்பை விடக் குழாய் வேலை கூட வரும். சுதன், லொஃப்ட்டில் எவ்வளவு உயரம் இருக்கிறது? அளந்து போடு.

சுதன்: ஓம், சனிக்கிழமை ஏறுகிறேன்.

அம்மா: தனியாக ஏறாதே. பக்கத்து வீட்டுக்காரரை ஏணியைப் பிடிக்கச் சொல்.