நாயனம் மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது, கிளாரினெட் ஏன் பஞ்சமத்துக்குத் தாவுகிறது?

கேள்வி – பரங்குன்றத்தான்

மதுரையில் நாயனம் (நாதஸ்வரம்) பயிலும் என் மகன், கல்யாண ஊர்வலங்களில் பேண்டு வாசிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து கிளாரினெட்டை இரவல் வாங்கி வந்திருக்கிறான். நாயனத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, விரல்களை அசைக்காமல் மூச்சையும் உதட்டையும் இறுக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் பேசுகிறது. கிளாரினெட்டிலோ, கட்டைவிரலுக்கு மேலுள்ள சாவியை அழுத்தியதும், அடிச்சுரத்தை ஸட்ஜமாகக் கொண்டால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் ஒலிக்கிறது. இரண்டும் வாயில் வைத்து அதிரச்செய்யும் கருவிகள்தாமே, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மறுமொழி – சோழவந்தான் இயற்பியல் ஆசிரியர்

வேறுபாடு கிளாரினெட்டின் ரீட்டிலோ, நாயனத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியிலோ இல்லை, உள்துளையின் வடிவத்தில் இருக்கிறது. சீவாளி வெறும் மடை போன்றது. மூச்சை விட்டுவிட்டு உள்ளே அனுப்பும் வேலையை அது செய்கிறது, ஆனால் எந்த வேகத்தில் திறந்து மூடவேண்டும் என்பதை, குழலின் மறுமுனைக்குச் சென்று திரும்பும் அழுத்த அலையே தீர்மானிக்கிறது.

கிளாரினெட்டின் துளை பெரும்பகுதி ஒரே அகலமுள்ள உருளை. ரீட் இருக்கும் முனை அலையைப் பொறுத்தவரை மூடிய முனை. அத்தகைய குழலில் அடிச்சுரத்தின் 3, 5, 7 மடங்கு அதிர்வுகளே வலுவாக நிற்கும். மூன்று மடங்கு என்பதுதான் உங்கள் மகன் கேட்ட மேல் பஞ்சமம். மேற்கத்தியப் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ளவை. ஆயினும் இருபுறமும் திறந்த முன்னதன் அடிச்சுரம் நொடிக்குச் சுமார் 262 அதிர்வு, பின்னதற்கோ சுமார் 147.

நாயனத்தின் உலவு, அதாவது குழல் உடல், சீவாளியிலிருந்து அடிமுனையில் விரிந்திருக்கும் அணசு வரை விரிந்துகொண்டே போகும் கூம்பு. கூம்பில் அலை, குறுகிய நுனியை நெருங்க நெருங்க ஒடுங்கி வலுப்பெறுவதால், அந்த நுனி அடைபட்டிருந்தும் அதே நீளமுள்ள திறந்த குழலுக்குரிய 1, 2, 3, 4 என்ற எல்லா மடங்குகளும் கிடைக்கின்றன. இரண்டாவது மடங்கு மேல் ஸட்ஜம்.

மறுமொழி – ஆடிவீதி நாயனக்காரர்

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சீவாளியை அவர் அவ்வளவு எளிதில் ஒதுக்கியிருக்க வேண்டாம். பொருந்தாத சீவாளியை மாட்டினால் கீழ் ஸ்தாயி சுருதி சேர்ந்திருக்கும், மேல் ஸ்தாயி ஒத்துவராமல் விலகி நிற்கும். தொழிலில் இருப்பவர் எவரும் இதை அறிவர்.

மறுமொழி – சோழவந்தான் இயற்பியல் ஆசிரியர்

உண்மைதான் ஐயா, அதை விட்டுவிட்டேன். உலவு முழுக் கூம்பன்று, நுனி வெட்டப்பட்ட கூம்பு. அந்த இல்லாத நுனியின் கொள்ளளவை, சீவாளியை மாட்டும் சிறு உலோகக் குழாயான கெண்டையும் சீவாளியும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். அளவு மாறினால் முதலில் தவறுவது ஸ்தாயிப் பொருத்தமே. சித்திரை வெயிலிலும் ஒரு சிக்கல் உண்டு: வெப்பநிலை 10 பாகை கூடினால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர் உயர்கிறது, ஊதும் மூச்சே துளையை ஓரளவு சூடாக்கிவிடுவதால் முழு மாற்றமும் சுருதியில் தெரியாது என்றாலும், மின்சாரச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டால் நாயனம் ஏறியே நிற்கும்.

பரங்குன்றத்தான்

இருவருக்கும் நன்றி. கிளாரினெட்டில் அத்தனை சாவிகள் இருப்பதற்கும் இதுதான் காரணமா?

மறுமொழி – ஆடிவீதி நாயனக்காரர்

ஆம். நாயனத்தில் ஒரு ஸ்தாயியின் 12 சுரத்தானங்களை ஏழு விரல்துளைகளாலும், அரைத்திறப்பாலும், உதட்டாலும் நிரப்பினால் அடுத்த ஸ்தாயிக்கு அதே விரல்கள் போதும். கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும்வரை 19 சுரத்தானங்களை நிரப்பியாக வேண்டும். அதற்கு விரல்கள் போதா. தம்பியிடம் இரண்டையும் ஒரே காலத்தில் பழக வேண்டாம் என்று சொல்லுங்கள். மேல் ஸ்தாயியில் விரல்கள் குழம்பும், உதட்டின் பிடியும் கெடும்.