ஆர்சி (ரிமோட் கன்ட்ரோல்) கார் அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது, ஆற வச்சா மறுபடி ஓடுது: பேட்டரியா மோட்டரா?

தேவனாம்பட்டினம்_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆர்சில நான் புதுசு, ஊரு கடலூர். பாண்டில ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 1:10 பக்கி (நெஜ வண்டில பத்துல ஒரு பங்கு சைஸ்) ஒன்னு வாங்கியிருக்கேன், பின்சக்கர டிரைவ், 540 சைஸ் பிரஷ்டு மோட்டர், பேட்டரி 2எஸ் (ரெண்டு செல்) லைப்போ (லித்தியம் பாலிமர்) 3000 எம்ஏஎச், ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ். ஃபுல் சார்ஜ் போட்டு எறக்குனா மொத அஞ்சு நிமிஷம் பிச்சுக்கிட்டு போகுது, அப்புறம் டிரிக்கர முழுசா இழுத்தாலும் பாதி ஸ்பீடு தான், இன்னும் கொஞ்ச நேரத்துல சுத்தமா நின்னுடுது. ஆனா ஸ்டியரிங் மட்டும் லெஃப்ட் ரைட் நல்லா திரும்புது. பத்து நிமிஷம் ஓரமா வச்சுட்டு எடுத்தா மறுபடி ஓடுது, ஆனா அந்த தடவ ரெண்டு நிமிஷம் கூட தாங்க மாட்டேங்குது.

ஓட்டுறது சாயங்காலத்துல சில்வர் பீச் மணல்ல, லீவு நாள்ல மஞ்சக்குப்பம் கிரவுண்டுல. தெரிஞ்சவர் ஒருத்தர் பேட்டரி செத்துப்போச்சு புதுசு போடுங்கறாரு, இன்னொருத்தர் பிரஷ்டு மோட்டர்னாலே இப்படித்தான், பிரஷ்லெஸ் மாத்திடுங்கறாரு. ரெண்டுக்குமே காசு ஆகும். எத மொதல்ல பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முத்தியால்பேட்டை_பிட்:
தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காத. நீ சொன்னதுலயே பாதி பதில் இருக்கு. வண்டி நின்ன பிறகும் ஸ்டியரிங் திரும்புதுன்னா ரிசீவருக்கும் செர்வோவுக்கும் (ஸ்டியரிங்க திருப்புற சின்ன மோட்டர்) கரண்ட் போய்ட்டு தான் இருக்கு, ரிமோட்டும் பேசுது, சுவிட்சும் ஒயரும் நல்லா இருக்கு. மோட்டருக்கு போற கரண்ட மட்டும் ஈஎஸ்சி, அதாவது மோட்டர் வேகத்த கட்டுப்படுத்துற பொட்டி, தானாவே கட் பண்ணுது. அது அப்படி பண்றதுக்கு பெரும்பாலும் ரெண்டே காரணம் தான், ஒன்னு பேட்டரி வோல்ட்டு எறங்கிடுச்சு, இன்னொன்னு சூடு ஏறிடுச்சு. இதுல எதுன்னு கண்டுபுடிச்சிட்டு தான் பர்ஸ தொறக்கணும்.

வோல்டேஜ் செக்கர்னு சின்னதா ஒன்னு விக்கும், லைப்போல இருக்கற வெள்ள பேலன்ஸ் பிளக்ல சொருகுனா ஒவ்வொரு செல்லா காட்டும். வண்டி நின்ன அந்த நிமிஷமே சொருகிப் பாரு. ஒரு செல் ஃபுல்லா இருந்தா 4.2, ரெண்டும் சேர்ந்து 8.4. நின்ன உடனே ஒவ்வொன்னும் 3.7க்கு மேல இருந்தா சார்ஜ் தீந்து நிக்கல. 3.3, 3.2ன்னு காட்டுனாலோ, ஒரு செல் 3.7ல இருந்து இன்னொன்னு 3.1ல கெடந்தாலோ பேட்டரி பக்கம் போகலாம். அப்படியே மோட்டர்லயும் ஈஎஸ்சி மேலயும் வெரல வச்சுப் பாரு. மூணு செகண்ட் வைக்க முடியலன்னா சூடு ஜாஸ்தி.

லாஸ்பேட்_லைப்போ:
பிட் அண்ணா சொல்றது சரி, ஆனா ஒரு விஷயம் சேத்துக்கணும். பழைய லைப்போவுல உள்ள ரெசிஸ்டன்ஸ் ஏறிப்போயிருந்தா டிரிக்கர இழுக்கற நேரத்துல மட்டும் வோல்ட்டு தொபுக்னு விழும், ஈஎஸ்சி கட் பண்ணும், டிரிக்கர விட்டதும் வோல்ட்டு திரும்ப ஏறிக்கும். அப்போ நின்ன பிறகு சொருகிப் பாத்தா 3.7ன்னு நல்ல புள்ளையா காட்டும். ஆற வச்சா ஓடுதுங்கறது சூட்டுக்கும் பொருந்தும், களைச்சுப்போன பேட்டரிக்கும் பொருந்தும். அதனால வண்டிய ஸ்டாண்டு மேல வச்சு பாக்காம, செக்கர சொருகின மேனிக்கே டேப் போட்டு ஒட்டிக்கிட்டு தரையில ஒருத்தர் ஓட்ட இன்னொருத்தர் பக்கத்துலயே ஓடிப் பாருங்க. சக்கரம் அந்தரத்துல சுத்துனா மோட்டர் கரண்டே இழுக்காது, ஒன்னும் தெரியாது.

இன்னொன்னு, அவசரமா பாக்க வேண்டியது: ஈஎஸ்சில எந்த வக பேட்டரின்னு சொல்றதுக்கு சின்னதா ஜம்பர் (எடம் மாத்தி சொருகற பிளக்) இருக்கும், லைப்போ, நைமா (நிக்கல் பேட்டரி) ரெண்டு பொசிஷன். செகண்ட் ஹேண்ட் வண்டில அது எதுல இருக்குன்னு பாக்காம ஓட்டவே கூடாது. நைமால இருந்துச்சுன்னா ஈஎஸ்சி ரொம்ப கீழ வரைக்கும் பேட்டரிய உறிஞ்சிடும். லைப்போ செல் 3 வோல்ட்டுக்கு கீழ போச்சுன்னா கெட்டுப்போகும், உப்பும், அத மறுபடி சார்ஜ் போடறப்போ தீப்புடிக்கறதுக்கும் வாய்ப்பு இருக்கு. உப்புன பேட்டரி எதையும் சார்ஜ் போடாதீங்க, கொஞ்சமா தானே உப்பியிருக்குன்னு நெனைக்கவே வேணாம்.

கோரிமேடு_ஸ்லாட்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என்னுதும் கிட்டத்தட்ட இதே மாதிரி தான். பிரான்ஸ்ல இருக்கற எங்க மாமா வீட்டுக்காக ஒரு ஸ்லாட் கார் செட் (டிராக்குல இருக்கற பள்ளத்துல ஓடுற பொம்ம கார்) கொண்டு வந்தாரு, 1:32, பழைய அனலாக் செட். அங்கயும் 230 வோல்ட்டு தான்ங்கறதால அடாப்டர் பிளக் போட்டு ஓட்டறோம். பவர் பேஸ் (டிராக்குக்கு கரண்ட் குடுக்கற துண்டு) பக்கத்துல கார் சூப்பரா போகுது, டிராக்கோட அந்த கடைசிக்கு போனா சோந்துபோகுது, சில எடத்துல நின்னே போயிடுது, தள்ளிவிட்டா தான் போகும். மோட்டரு போச்சா?

முத்தியால்பேட்டை_பிட்:
கோரிமேடு தம்பி, எடத்துக்கு எடம் மாறுதுன்னா மோட்டர் இல்ல, டிராக். லாஸ்பேட் அக்கா ஸ்லாட் ஓட்டுறவங்க, அவங்க சொல்லுவாங்க.

லாஸ்பேட்_லைப்போ:
ஆமா, டிராக் தான். ஸ்லாட் கார்ல பேட்டரியே கெடையாது, ஸ்கேலக்ஸ்ட்ரிக்ங்கற ஸ்லாட் கார் பிராண்டு 1957ல வந்த காலத்துல இருந்தே வேல செய்யற விதம் ஒன்னு தான், ரெண்டு தண்டவாளத்துல வர்ற கரண்ட காருக்கு அடியில இருக்கற பிரெய்டு (பின்னின கம்பிப் பட்டை) தொட்டு எடுத்துக்கும். ஒவ்வொரு டிராக் துண்டும் சேர்ற ஜாயிண்ட்ல கொஞ்சம் கொஞ்சமா வோல்ட்டு போகும். நம்ம ஊர் உப்புக்காத்துல அந்த ஜாயிண்டும் ரெயிலும் கறுத்துப்போயிடும், கடலுக்கு கிட்ட வீடுன்னா இன்னும் சீக்கிரமா.

மொதல்ல பிரெய்ட பாருங்க, பஞ்சு மாதிரி பிரிஞ்சு தூசி புடிச்சிருந்தா நுனிய ஒழுங்குபடுத்தி லேசா கீழ வளைச்சுவிடுங்க. அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்ச துணில ரெயில் முழுக்க தொடைங்க, துணி கருப்பா வரும். உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, மேல இருக்கற முலாம் போச்சுன்னா அடுத்த மழைக்காலத்துல துரு இன்னும் வேகமா புடிக்கும். அதுக்கப்புறம் மல்டிமீட்டர், ஆனா கார் இல்லாம அளந்தா எல்லா எடத்துலயும் ஒரே வோல்ட்டு காட்டி ஏமாத்தும், கரண்ட் ஓடுனா தான் டிராப் தெரியும். கார அந்த மந்தமான எடத்துல வச்சு, ஒருத்தர் கன்ட்ரோலர முழுசா அமுக்கி, கார லேசா புடிச்சு நிறுத்தி, அந்த ரெண்டு செகண்டுக்குள்ள மீட்டர் வைங்க, ரொம்ப நேரம் புடிச்சா மோட்டர் சூடாயிடும். பவர் பேஸ் பக்கத்துலயும் அதே மாதிரி அளந்து ரெண்டையும் ஒப்பிட்டுட்டு சொல்லுங்க.

தேவனாம்பட்டினம்_பையன்:
அண்ணா, அக்கா, ரொம்ப தேங்க்ஸ். செக்கர் வாங்கிட்டு கிரவுண்டுல ஓட்டிப் பாத்தோம். நின்ன நேரத்துல ரெண்டு செல்லும் 3.85, அக்கா சொன்ன மாதிரி தம்பி கூடவே ஓடிப் பாத்தான், ஓடறப்போவும் 3.6க்கு கீழ எறங்கல. மோட்டர்ல வெரல் ஒரு செகண்ட் கூட வைக்க முடியல, ஈஎஸ்சி பொட்டியும் கொதிக்குது. ஜம்பர் நைமால இருந்துச்சு, வாங்குனப்போவே அப்படித்தான் வந்திருக்கு போல, இப்போ லைப்போக்கு மாத்திட்டேன். பேட்டரி உப்பல.

முத்தியால்பேட்டை_பிட்:
நல்லா பாத்திருக்க தம்பி. இப்போ ஆணி அடிச்ச மாதிரி ஆயிடுச்சு, ஜம்பர் நைமால இருக்கறப்போ 7.7 வோல்ட்டுல எந்த ஈஎஸ்சியும் லோ வோல்டேஜ்னு கட் பண்ணாது, அது சூட்டுக்கு தான் கட் பண்ணியிருக்கு. பேட்டரி மேல தப்பே இல்ல. பிரஷ்லெஸ் போட்டாலும் இதே சூடு வரும், ஏன்னா மோட்டர் ஏன் கஷ்டப்படுதுன்னு நாம இன்னும் பாக்கவே இல்ல.

பேட்டரிய கழட்டிட்டு மோட்டர் ஸ்க்ரூ ரெண்டையும் லூஸ் பண்ணி, பினியன் (மோட்டர் தண்டுல இருக்கற சின்ன கியர்) பல்லு பெரிய ஸ்பர் கியர தொடாத அளவுக்கு மோட்டர பின்னாடி தள்ளிக்க. இப்போ பின்சக்கரத்த கையால சுத்து. மோட்டரே சேராதப்போ அது தாராளமா சுத்தணும். எங்கயாவது கரகரன்னு வந்தாலோ, சுத்திவிட்ட உடனே நின்னாலோ பேரிங்கு. ஒவ்வொரு சக்கரமா கழட்டி ஆக்சில தனியா சுத்திப் பாரு. முடி, மீன்வலை நூலு, இதெல்லாம் ஆக்சில்ல சுத்திக்கிட்டு உள்ளுக்குள்ள கட்டுப்போட்ட மாதிரி கெடக்கும், பீச்சுல ஓட்டுற வண்டில நெறைய பாத்திருக்கேன்.

சக்கரம் சரின்னா அடுத்தது கியர் மெஷ், அதாவது ரெண்டு கியரும் சேர்ற நெருக்கம். நோட்டு பேப்பர் ஒரு துண்ட ரெண்டு பல்லுக்கும் நடுவுல விட்டு மோட்டர நெருக்கி டைட் பண்ணிட்டு, பேப்பர சுத்தி வெளிய எடு. பேப்பர் கிழியாம மடிப்பு மடிப்பா வந்தா அளவு சரி. ரொம்ப நெருக்கமா இருந்தா மோட்டர் அந்த உரசல்லயே சூடாயிடும். பினியன்ல எத்தன பல்லுன்னும் எண்ணிப் பாரு, வேகத்துக்காக பெரிய பினியன் போட்டு வித்திருப்பாங்க, மணல்ல அது மோட்டர கொன்னுடும்.

மணல் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். சில்வர் பீச் ஓட்டுறதுக்கு எவ்ளோ ஆசையா இருக்கும்னு எனக்கு தெரியும், ஆனா கடல் மணல்ல கருப்பா நைசா ஒரு மணல் கலந்திருக்கும், காந்தத்துல ஒட்டற ரகம். மோட்டருக்குள்ள இருக்கறதே காந்தம், அது ஓட்டை வழியா அந்த மணல இழுத்துக்கும், பிரஷும் கம்யூட்டேட்டரும் அரைச்சுக்கிட்டே ஓடும். ஈர மணல்னா உப்பும் சேரும், உப்பு காத்துல இருக்கற ஈரத்த இழுத்து வச்சுக்கறதால நீ வீட்டுக்கு போய் வண்டிய வச்ச பிறகும் துரு புடிச்சுக்கிட்டே இருக்கும். கிரவுண்டுல ஓட்டு தம்பி, பீச்சு வேணும்னா எப்பவாச்சும், அன்னைக்கே பிரஷ்ல தட்டி, சக்கரம் கழட்டி, பேரிங்குல ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில்.

தேவனாம்பட்டினம்_பையன்:
கெடைச்சிடுச்சு அண்ணா! வலது பின்சக்கரத்து உள்பக்க பேரிங்கு துரு புடிச்சு இறுகி, ஆக்சில் பேரிங்குக்குள்ளயே தேய்ச்சுக்கிட்டு சுத்தியிருக்கு, இடதுலயும் கரகரன்னு தான் வருது. பினியன் மேனுவல் படி 17 பல்லு, இதுல 21 இருக்கு. ரெண்டும் சேர்ந்து தான் இந்த சூடு போல. பேரிங்கு எங்க கெடைக்கும், ஆன்லைன்ல தான் போடணுமா?

முத்தியால்பேட்டை_பிட்:
எந்த ஊர் பேரிங் கடையிலயும் கேக்கலாம், ஆர்சி பேரிங்குன்னு கேட்டா முழிப்பாங்க, அளவு சொல்லணும். வெர்னியர் வச்சு உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூணையும் எடு. 5, 11, 4 மில்லின்னு வந்தா எம்ஆர் 115ன்னு கேளு, ஆர்சிக்காரங்க அதையே 1150ன்னு சொல்லுவாங்க, டாமியா கம்பெனியோட டிடி-02 ஆர்சி கார் கிட்டுக்கும் அதே தான். கடைசில இசட்இசட் (தகடு மூடி) வேணுமா 2ஆர்எஸ் வேணுமான்னு கேப்பாங்க, 2ஆர்எஸ் எடு, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்கும், கடலோர ஊருக்கு அது தான் சரி. நாலு சக்கரத்துக்கும் சேத்தே மாத்திடு. பினியன் 17க்கே போயிடு, டாப் ஸ்பீடு கொஞ்சம் கொறையும், ஆனா வளைவுல இருந்து கெளம்பறப்போ வண்டி துள்ளிக்கிட்டு வரும், ஓட்டப் பழகறவங்களுக்கு அது தான் வேணும். வாங்கறப்போ பழைய பினியன கையோட எடுத்துட்டு போ, பல்லு அளவு ஸ்பர் கியரோட ஒத்துப்போகலன்னா ஒரே ஓட்டத்துல பிளாஸ்டிக் பல்லு மொத்தமும் சிரைச்சுடும்.

கோரிமேடு_ஸ்லாட்:
அக்கா, அளந்தேன். பவர் பேஸ் கிட்ட 13.6, அந்த கடைசில 8.9! தொடைச்ச பிறகு 10.8 ஆச்சு. இன்னும் ஏத்தணும்னா?

லாஸ்பேட்_லைப்போ:
அப்போ மீதி ஜாயிண்ட்ல தான் போகுது. ஒவ்வொரு துண்டா கழட்டி, ரெயில் முனையில இருக்கற தகடு விரிஞ்சிருந்தா மெல்லிசா மூக்குக் கொறடுல நெருக்கிட்டு மாட்டுங்க. அதுக்கும் மிஞ்சி கொறஞ்சா பவர் பேஸ்ல இருந்து டிராக்குக்கு அடி வழியா ரெண்டு ஒயர் இழுத்து கடைசி துண்டோட ரெயில்ல குடுக்கலாம், ஒவ்வொரு லேனுக்கும் தனித்தனியா. எந்த ரெயில் எதுன்னு மீட்டர்ல பாத்து அடையாளம் போட்டுக்கங்க, ஒரு லேன்ல ரெண்டையும் மாத்திக் குடுத்தா ஷார்ட் ஆயிடும். பவர ஆஃப் பண்ணி பிளக்க கழட்டிட்டு தான் இதெல்லாம்.

தேவனாம்பட்டினம்_பையன்:
அப்டேட்: பேரிங்கு எட்டும் மாத்தியாச்சு, திருப்பாப்புலியூர்லயே ஒரு கடையில கெடச்சுது, 17 பினியனும் போட்டாச்சு, பேப்பர் வச்சு மெஷ் பண்ணேன். ஒரு பேட்டரி முழுசா ஓடி ஈஎஸ்சி லோ வோல்டேஜ்ல மெதுவாக்குற வரைக்கும் நிக்கவே இல்ல, மோட்டர தொட்டா சூடு தான், ஆனா வெரல் வைக்க முடியுது. பேட்டரிக்கும் மோட்டருக்கும் வச்சிருந்த காசு அப்படியே இருக்கு, அதுல வேற என்ன வாங்கலாம்? பேட்டரிய சார்ஜ் பண்ணி வச்சுடலாம் இல்ல?

லாஸ்பேட்_லைப்போ:
ஃபுல்லா வச்சுடாதீங்க தம்பி. ஓட்டாத நாள்ல செல்லுக்கு 3.8 வோல்ட்டு, அது தான் லைப்போவுக்கு சொகம். அந்த காசுல ஸ்டோரேஜ் மோடு இருக்கற பேலன்ஸ் சார்ஜர் வாங்குங்க, 3000 எம்ஏஎச்சுக்கு 3 ஆம்ப்ஸ் தாண்டி வைக்க வேணாம். ஓட்டி முடிச்ச பேட்டரி கை சூட்டுக்கு ஆறுன பிறகு தான் சார்ஜ், அதுவும் ஆளு பக்கத்துல இருக்கறப்போ மட்டும், மெத்த மேலயோ மர டேபிள் மேலயோ வேணாம், தரையில. சித்திரை வெயில்ல பைக் பொட்டியில வச்சுட்டு போறத நெனைச்சே பாக்காதீங்க.

கோரிமேடு_ஸ்லாட்:
அக்கா 12.9 வந்துடுச்சு, ஒயரே போடல, தகடு நெருக்குனதுலயே! ஆனா இப்போ அந்த கடைசி வளைவுல கார் எகிறி வெளிய போய் விழுது, முன்னாடி அப்படி ஆகல.

லாஸ்பேட்_லைப்போ:
முன்னாடி அங்க ஸ்பீடே வரல இல்ல, அதான். வளைவுக்கு முன்னாடியே கன்ட்ரோலர விடப் பழகுங்க, வளைவு முடியற நேரத்துல திரும்ப அமுக்குங்க. அப்புறம் பின் டயர ஆல்கஹால் துணியால தொடைச்சுட்டு ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.