லாங்லி காற்றுச் சுரங்கத்தை இடித்தது சரியா?

சீனக்குடாக்காரன்:
அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1931இல் திறந்த லாங்லி முழு அளவுக் காற்றுச் சுரங்கத்தை, அதாவது காற்றடித்து விமானங்களைச் சோதிக்கும் கூடத்தை, நாசா இடித்தது பெரிய அநியாயம். 30 அடி உயரம், 60 அடி அகலம். முழு விமானத்தையே உள்ளே நிறுத்தி, 4,000 குதிரைவலு மோட்டார்கள் இரண்டைக் கொண்டு காற்றடித்தார்கள். 1985இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தும் மிஞ்சவில்லை.

உப்புவெளியான்:
அண்ணன், அது ஒரு கருவி, கோயில் இல்லை. 1938இல் புரூஸ்டர் பஃபலோ என்ற போர் விமானத்தை அதில் வைத்து, வெளியே துருத்தி நின்று காற்றைத் தடுத்த ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தார்கள். மணிக்கு 250 மைல் போன விமானம் 281 மைல் போனது. அந்தப் பாடம் அறிக்கைகளில் பத்திரமாக இருக்கிறது. மணிக்கு 120 மைல் காற்றைக்கூட எட்டாத சுரங்கத்தில் ஜெட்டுக்கு என்ன வேலை?

சீனக்குடாக்காரன்:
ஜெட் மட்டும்தான் விமானமா? ரைட் சகோதரர்களின் 1903 விமானத்துக்கு முழு அளவு நகல் செய்து, 2003இல் அங்கேதான் சோதித்தார்கள். மரமும் துணியுமான அதற்கு மெதுவான, அகலமான காற்றுத்தான் வேண்டும். நாசா 1995இல் கைவிட்ட பிறகும் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகம் 2009 வரை அதை ஓட்டியது.

கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் மையத்துக் காற்றுச் சுரங்கத்தையும் 2003இல் மூடினார்கள். பிறகு அமெரிக்க விமானப்படை எடுத்துத் திறந்தது. செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் பாரசூட்டை அங்கேதான் விரித்துப் பார்த்தார்கள். மூடிய கையோடு இடித்திருந்தால்?

நிலாவெளிப் பொடியன்:
இங்கிலாந்தில் பார்ன்பரோவின் 1935ஆம் ஆண்டுச் சுரங்கம் இன்னும் நிற்கிறது. பிரான்சும் ஷாலே-மூடோன் சுரங்கத்தை 2000இல் சின்னமாக்கிக் காப்பாற்றிவிட்டது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான்காரன் குண்டு போட வந்தபோது நம்ம திருகோணமலைச் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து எழும்பிய ஹரிக்கேன் போர் விமான ரகமும் பார்ன்பரோவில் காற்று வாங்கியதுதான்!

உப்புவெளியான்:
சரி தம்பி, ஆனால் லாங்லி சுரங்கம் இருந்தது விமானப்படைத் தளத்துக்குள். யார் உள்ளே போய்ப் பார்ப்பது? நம்ம திருகோணமலை எண்ணெய்க் குதங்களையே, அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகளையே எடுங்கள். வெள்ளைக்காரன் கட்டியது என்ற பாசத்திலா விட்டு வைத்திருக்கிறார்கள்? எண்ணெய் ஊற்றலாம், அவ்வளவுதான்.

சீனக்குடாக்காரன்:
அதில் பெரும்பாலானவை வருஷக்கணக்காக வெறுமனே காடு பிடித்துக் கிடந்தவை தம்பி. உங்கள் கணக்குப்படி அப்போதே இரும்புக்கு விற்றிருக்க வேண்டும். 61 குதங்களை இந்தியாவோடு கூட்டாகச் சீரமைக்க 2022இல் ஒப்பந்தம் போட்டார்களே, குதம் நின்றதால்தானே?