தீயணைப்பு நிலையத்தின் மாதாந்திர அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி – குடியிருப்போர் சங்க உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையம் மாதந்தோறும் இரண்டு பக்க அறிக்கை வெளியிடுகிறது. அந்த மாதம் வந்த அழைப்புகளின் வகை, வண்டி சென்று சேர்ந்த சராசரி நேரம், வீரர்கள் மேற்கொண்ட பயிற்சியின் மொத்த மணிநேரம் ஆகியவை அதில் இருக்கும். அதைப் படித்துச் சங்கக் கூட்டத்தில் விளக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அறிக்கையில் தீ விபத்து அழைப்புகள் மிகக் குறைவாகவே உள்ளன. மருத்துவ உதவி, சாலை விபத்து, தானாக ஒலித்த எச்சரிக்கை மணி ஆகியவைதாம் பெரும்பகுதி. ஆனால் பயிற்சி நேரமோ பல நூறு மணி என்று குறிப்பிடப்பட்டுள்ளது. தீயே இல்லாத மாதத்தில் இவ்வளவு பயிற்சி எதற்கு, அந்த நேரத்தில் வேறு பணி செய்யலாமே என்று கூட்டத்தில் சிலர் கேட்கிறார்கள். எனக்கு அது நியாயமான வாதமாகப் படவில்லை, எனினும் மறுத்துச் சொல்லப் போதிய விவரம் என்னிடம் இல்லை. சராசரி நேரம் என்ற அந்த ஒற்றை எண்ணை வைத்து நிலையம் நன்றாக இயங்குகிறதா என்று முடிவு செய்ய முடியுமா என்பதும் தெரியவில்லை. துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

வணக்கம் ஐயா. முதலில் அழைப்புகளின் வகை பற்றிச் சொல்கிறேன். தீ குறைவு, மருத்துவ அழைப்பு மிகுதி என்பது உங்கள் நிலையத்துக்கு மட்டும் உரிய நிலை அன்று. மருத்துவ அழைப்புகளுக்கும் தீயணைப்பு வண்டியே செல்லும் அமைப்புள்ள அமெரிக்காவில், துறைக்கு வரும் அழைப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கானவை. உண்மையான தீ விபத்துகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எனவே உங்கள் அறிக்கையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சராசரி நேரத்தைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஒரு மாதத்தில் 10 அழைப்புகள் வந்து, அவற்றில் 9 இடங்களுக்கு 4 நிமிடத்திலும் ஓர் இடத்துக்கு 14 நிமிடத்திலும் வண்டி போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 5 நிமிடம் என்று வரும். படிப்பவர் மனநிறைவோடு தாளை மடித்து வைத்துவிடுவார். ஆனால் அந்த 14 நிமிடம் ஏன் ஆயிற்று என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி வேறோர் அழைப்பில் இருந்ததா, ஆள் பற்றாக்குறையா, குறுகிய தெருவா, முகவரி தவறாகப் பதிவானதா என்பதைச் சராசரி ஒருபோதும் சொல்லாது. அதனால்தான் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் 1710 என்ற தரநிலை சராசரியை ஏற்காமல், நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் இந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கிறது. முழுநேர ஊழியர்கள் உள்ள நிலையங்களுக்கான தரநிலை அது. தீ அழைப்பு என்றால் மணி ஒலித்ததிலிருந்து உடை அணிந்து வண்டி கிளம்ப 80 விநாடி, மருத்துவ அழைப்பு என்றால் 60 விநாடி. அதன் பிறகு முதல் வண்டி சென்று சேர 240 விநாடி என்று அது வகுத்துள்ளது.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டுப்பாட்டு அறை அழைப்பை எடுத்த நேரம், நிலையத்தில் மணி ஒலித்த நேரம், வண்டி வெளியேறிய நேரம், இடத்தை அடைந்த நேரம் என நான்கு நேரங்கள் பதிவாகின்றன. உங்கள் அறிக்கையில் உள்ள சராசரி எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்று குறிப்பிடப்படாவிட்டால், அதை வேறொரு நிலையத்தோடு ஒப்பிடவே முடியாது.

வண்டி வந்து சேர்ந்தது என்பதாலேயே வேலை தொடங்கிவிட்டது என்றும் பொருளில்லை. புகை சூழ்ந்த கட்டடத்துக்குள் இருவர் நுழையும்போது, அவர்களை மீட்க ஆயத்த நிலையில் இன்னும் இருவர் வெளியே நிற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டமாகவே உள்ளது. உயிருக்குப் போராடும் ஒருவர் உள்ளே இருப்பது தெரிந்தால் விதிவிலக்கு உண்டு. ஆகவே முதல் வண்டியில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் நிமிடக் கணக்குக்கு இணையான முக்கியத்துவம் உடையது. இதை அறிக்கையில் சேர்க்கும் நிலையங்கள் குறைவு. சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

மறுமொழி 2 – பயிற்சி அலுவலர்

பயிற்சி மணிநேரம் பற்றிய ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அந்தப் பல நூறு மணி என்பது நிலையம் முழுவதும் பயிற்சியில் கழித்த நேரம் அன்று. பங்கேற்ற ஒவ்வொருவரின் நேரத்தையும் கூட்டி வந்த எண். 20 பேர் தலா 16 மணி பயின்றால் 320 மணி என்று பதிவாகும். அமெரிக்காவில் காப்பீட்டுத் துறைக்காகத் தீயணைப்புத் துறைகளை மதிப்பிடும் நிறுவனம் ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 192 மணிநேர நிலையப் பயிற்சியை முழு மதிப்பெண்ணுக்கு உரிய அளவாகக் கொள்கிறது. மாதத்துக்கு 16 மணி. அதாவது வாரத்துக்கு நான்கு மணிநேரத்தைக்கூட எட்டாது. கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

தீ குறைவாக இருப்பதால் பயிற்சியும் குறையலாம் என்ற வாதம் நேர் எதிராகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. முன்பெல்லாம் வீரர்கள் அனுபவத்தைத் தீயிலேயே பெற்றார்கள். இன்று பணியில் சேர்ந்து நெடுநாள் ஆகியும் பெரிய தீயைப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தீயோ முன்னைவிட வேகமாகப் பரவுகிறது. ஆய்வகத்தில் இரண்டு அறைகளைப் பழைய, புதிய வகை அறைகலன்களால் நிரப்பிக் கொளுத்திப் பார்த்தபோது, செயற்கை நுரை மெத்தைகளும் பிளாஸ்டிக் பொருள்களும் நிறைந்த அறை 4 நிமிடத்துக்குள் முழுமையாகத் தீப்பற்றியது. மரமும் பருத்தியும் கொண்ட பழைய பாணி அறைக்கு ஏறத்தாழ 29 நிமிடம் ஆயிற்று. முதல் வண்டி வந்து நிற்கும் நேரத்தில் அறையின் நிலை என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்து நீங்களே ஊகிக்கலாம். அங்கே போய் நின்று யோசிக்க நேரம் இருக்காது.

பயிற்சியில் நடப்பதை வெளியே இருப்பவர்கள் பார்ப்பதில்லை என்பதால் ஒன்றை விரித்துச் சொல்கிறேன். குளத்திலிருந்தோ தொட்டியிலிருந்தோ நீர் எடுக்க வேண்டுமானால் சக்ஷன் ஹோஸ்கள் எனப்படும் நீர் உறிஞ்சும் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து, பம்பினால் உள்ளே உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். வளிமண்டல அழுத்தம்தான் நீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 10 மீட்டருக்குச் சற்று மேல் வரை ஏற வேண்டும், நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் எளிதில் ஏறாது. இணைப்பில் உள்ள ரப்பர் வாஷர் ஒன்று காய்ந்து வெடித்திருந்தால் போதும், அந்த இடைவெளி வழியே காற்று நுழைந்து, வெற்றிடம் நிலைக்காமல் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் ஏறி ஏறி இறங்கும். எவ்வளவு நேரம் பம்பை ஓட்டினாலும் நீர் வராது. மாதாந்திரப் பயிற்சியில் இது தெரியவந்தால் அன்றே வாஷரை மாற்றிவிடலாம். பயிற்சி என்பது வீரர்களுக்கு மட்டும் அன்று, கருவிகளுக்கும் சேர்த்து நடக்கும் சோதனை.

மூச்சுக் கருவியும் அப்படியே. நாங்கள் பி.ஏ. செட் என்போம். முகமூடியின் கண்ணாடியை முழுவதும் மறைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் வால்வைத் தேடித் திறக்கவும், ஹோஸைத் தொட்டுப் பார்த்தே வெளியேறும் திசையை அறியவும் பழகுகிறார்கள். இன்றைய அமெரிக்கத் தரநிலைப்படி சிலிண்டரில் காற்று மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் எச்சரிக்கை ஒலிக்கும். அந்த ஒலி கேட்ட பிறகு வெளியேறத் தொடங்குவது தாமதம். ஒலிக்கும்போது வெளியே இருக்க வேண்டும். தன் மூச்சுக்கு ஒரு சிலிண்டர் எத்தனை நிமிடம் வரும் என்பதை ஒவ்வொருவரும் ஓடி, ஏறி, சுமந்து பார்த்துத்தான் அறிய முடியும். சிலிண்டரின் மேல் எழுதியுள்ள நிமிடக் கணக்கு கடும் உழைப்பில் செல்லுபடியாவதில்லை.

மறுமொழி 3 – கட்டுப்பாட்டு அறைப் பணியாளர்

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். உங்கள் அறிக்கையில் மருத்துவ அழைப்புகள் மிகுதி என்கிறீர்கள். இதயத் துடிப்பு நின்றுபோன ஒருவருக்கு நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. எவ்வளவு விரைவாக வண்டி வந்தாலும் முதல் சில நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான் உள்ளன. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, நெஞ்சு 5 சென்டிமீட்டராவது அமிழும்படி அழுத்துங்கள் என்று தொலைபேசியிலேயே நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம். ஒருமுறையேனும் பயின்றவர் உடனே தொடங்கிவிடுகிறார்; பயிலாதவர் அச்சத்தில் தயங்குகிறார். நிலையத்தின் மாதாந்திரப் பயிற்சியில் ஒரு மணிநேரத்தைக் குடியிருப்போருக்கு ஒதுக்கும்படி உங்கள் சங்கமே கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பல நூறு மணி என்ற எண்ணை நாங்கள் முற்றிலும் வேறாகப் புரிந்துகொண்டிருந்தோம். ஒரேயொரு தயக்கம்: தொண்ணூறு விழுக்காட்டுக் கணக்கையும் ஆள் எண்ணிக்கையையும் கேட்டால், குறை கண்டுபிடிக்க வந்தவர்களாக நிலையத்தார் எங்களை நினைக்க மாட்டார்களா?

மறுமொழி 4 – ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்

நினைக்க மாட்டார்கள் ஐயா. ஆள் குறைவாக இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பு வந்தால் அடுத்த நிலையத்தின் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியுள்ளது என்று நிலைய அலுவலர் மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தைவிட, அதையே பொதுமக்கள் கேட்கும் கேள்விக்கு வலிமை மிகுதி. கூட்டத்தில் எழுப்பாமல் முதலில் நிலையத்துக்கு நேரில் சென்று அலுவலரைச் சந்தியுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வந்த அழைப்புகள் எத்தனை, முதல் வண்டியில் எத்தனை பேர் சென்றார்கள், மிகத் தாமதமான அழைப்புக்குக் காரணம் என்ன, அந்தக் காரணம் அடுத்த மாதப் பயிற்சியில் இடம்பெற்றதா என்று கேளுங்கள். பயிற்சி நாளில் சென்றால் இன்னும் நல்லது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அருகில் நின்று கேட்பவருக்கு விளக்கிச் சொல்லாத வீரரை நான் பார்த்ததில்லை.