வீடியோவில் குரல் பின்தங்குகிறது, உதவி தேவை

பிளஸ் டூ மாணவர்களுக்காகப் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல் என்ற வேதியியல் செய்முறையைப் போனில் எடுத்து யூடியூபில் போடுகிறேன். எடிட் செய்த பிறகு குரல் பின்தங்குகிறது. தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, பத்தாவது நிமிடத்தில் ஒரு நொடிக்கு மேல் தாமதம். குடுவை வெளிர் இளஞ்சிவப்பான பிறகுதான் "இப்போது பியூரெட்டை மூடுங்கள்" என்று கேட்கிறது! (பியூரெட் என்பது கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்.) நிறம் மாறி நிற்கும் முடிவுநிலையே ஒரு சொட்டில் தப்பிவிடும் பாடம் இது.

ஆண்ட்ராய்டு 13 போன், காலர் மைக், விண்டோஸ் 10 லேப்டாப், 4 ஜிபி ரேம். புதுப் போன் வாங்கிய ஜூனிலிருந்து இப்படி. அசல் கோப்பு விஎல்சி பிளேயரில் ஒழுங்காக ஓடுகிறது. 4கே-யை 1080-ஆகக் குறைத்தேன், மைக்கை மாற்றினேன், எடிட்டிங் மென்பொருளையும் மாற்றினேன். பலனில்லை. கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படங்கள்) 'வேரியபிள்', அதாவது மாறிக்கொண்டே இருக்கிறது என்று வருகிறது.

எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அதை 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) ஆக மாற்றினால் இது தீருமா?